பேனல் மாற்றிய பிறகு மீட்டர் ஒத்துவரவில்லையா? மலையில் விமானம் கட்டுவோருக்கு அறிகுறிவாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஓடுதளம் கிடையாது. இங்கே ஷெட் போட்டு விமானம் கட்டுகிறவர் கருவிப் பேனல் வரை எல்லாவற்றையும் மேலேயே முடித்து, இறக்கையைக் கழற்றி, உடற்பகுதியை லாரியில் ஏற்றிச் சமவெளிக்கு இறக்கித்தான் பறக்க முடியும். அதனால் புதுப் பேனலின் முதல் சோதனை 6,000, 7,000 அடி உயரத்தில், மூடுபனியும் ஈரமும் நிறைந்த தகர ஷெட்டுக்குள் நடக்கிறது. கருவியோடு வரும் கையேடோ கடல் மட்டத்தை நினைத்து எழுதப்பட்டது. இந்த இடைவெளியில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

கோளாறு தெரிந்ததும் பலர் முதலில் கருவியைக் கழற்றுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. நேற்றுவரை சரியாக ஓடிய, உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் பேனல் மாற்றிய அன்றைக்கே கெட்டுப்போவது அபூர்வம். முதலில் உங்கள் கை பட்ட இடங்களைப் பாருங்கள்: டியூப், எர்த், கனெக்டர், திருகு. அடுத்து மலைக் காற்றின் கணக்கைப் பாருங்கள். இரண்டும் சரியென்றால்தான் கருவியைச் சந்தேகிக்கலாம்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. மில்லிவோல்ட் காட்டும் மல்டிமீட்டர், 60 மில்லி சிரிஞ்ச், ஐந்து மீட்டர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப், டியூபை நெரிக்க இரண்டு கிளிப், ஒரு டி ஜாயின்ட், அடிக்கும் நிறத்தில் ஒரு டேப், கைத் திசைகாட்டி ஒன்று. காற்றழுத்தம் காட்டும் செல்போன் இருந்தால் பெரிய உதவி.

விமானத்தை இயக்கும் ஸ்டிக் முழுதாக வரவில்லை, அல்லது ஓரிடத்தில் உரசுகிறது

மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். புதுக் கருவிகள் பழையவற்றைவிட நீளமாக இருக்கலாம். பின்னால் வயர்க் கட்டும் கூடியிருக்கும். ஒருவர் ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் கொண்டுபோக, இன்னொருவர் பேனலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஸ்டிக்கின் அசைவைக் கொண்டுபோகும் தள்ளுதண்டுக்கும் வயருக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய இடம் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டை மட்டும் போதாது. அது அறுந்தால் வயர் எங்கே விழும் என்று யோசித்து, விழுகிற பக்கம் இயக்கும் பாகம் எதுவும் இல்லாதபடி வழியை மாற்றுங்கள்.

ஆல்டிமீட்டர் பூச்சியத்துக்கு வரவில்லை

வரவே வராது. குமிழைத் திருகிக் காற்றழுத்தத்தை வைக்கும் சிறு சாளரம் பெரும்பாலும் 28.1 முதல் 31.0 அங்குலப் பாதரசம் வரைதான் போகும். ஊட்டியின் உண்மையான காற்றழுத்தம் 23 அங்குலத்தை ஒட்டியது. பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்று குமிழை முறுக்கிப் பல்சக்கரத்தை உடைத்துவிடாதீர்கள்.

ஆல்டிமீட்டர் 300 அடி குறைவாகக் காட்டுகிறது

கோவை விமான நிலையத்தின் அழுத்த அளவை வைத்துவிட்டு ஊட்டி ஷெட்டில் நின்று பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கருவியின் உள்கணக்கு, கடல் மட்டத்தில் 15 டிகிரி, ஏற ஏறக் குளிரும் ஒரு மாதிரிக் காற்றை வைத்துப் போடப்பட்டது. நம்மூர்க் காற்று அதைவிட ஏறக்குறைய 15 டிகிரி சூடு. சூடான காற்று விரிந்து நிற்பதால், ஒரே அழுத்த வித்தியாசத்துக்கு அதிக உயரம் ஏற வேண்டியிருக்கிறது. கருவி அதை அறியாது.

கணக்காகப் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், அதாவது 1,070 அடி. உதகமண்டலம் நிலையம் 2,203 மீட்டர், 7,228 அடி. நடைமேடைப் பலகையிலேயே எழுதியிருக்கும். கீழே 1,070 காட்டும்படி வைத்து, குமிழைத் தொடாமல் மேலே கொண்டுவந்தால், கருவி 6,900 அடியை ஒட்டி நிற்கும். உண்மையான ஏற்றம் 6,158 அடி. சூட்டினால் அதில் ஐந்து சதவீதம் கழிந்து போகிறது. வெயில் மத்தியானத்தில் வித்தியாசம் கூடும், மார்கழிக் காலையில் குறையும்.

ஆகவே ஆல்டிமீட்டரைச் சோதிக்க ஊட்டியைவிட மேட்டுப்பாளையம் நல்ல இடம். அதன் உயரம் கோவை விமான நிலையத்தின் உயரத்தை ஒட்டியதால் சூட்டுப் பிழை அநேகமாக இருக்காது. அன்றைய அழுத்தத்தை வைத்தால் 75 அடிக்குள் ஒத்துவர வேண்டும். அதைத் தாண்டினால் கருவியைப் பழுதுபார்க்க அனுப்பலாம்.

கீழே போகாமலே பார்க்க வேண்டுமா? சாளரத்தில் 1013 ஹெக்டோபாஸ்கல், அல்லது 29.92 அங்குலம் வையுங்கள். நம்பகமான மானியிலோ செல்போனிலோ ஷெட்டின் நேரடிக் காற்றழுத்தத்தைப் படியுங்கள். கடல் மட்டத்துக்குத் திருத்திய அளவு இதற்கு உதவாது. 785 என்றால் ஊசி 6,890 அடியிலும், 780 என்றால் 7,060 அடியிலும், குன்னூர், கோத்தகிரி உயரத்தில் 820 என்றால் 5,740 அடியிலும் நிற்க வேண்டும். இந்த உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 34 அடி. படிப்பதற்கு முன் பேனலை விரலால் மெல்லத் தட்டுங்கள். எஞ்சின் அதிர்வில் வேலை செய்யப் பழகிய கருவி, அசையாத மேசையில் 20, 30 அடி ஒட்டிக்கொண்டு நிற்பது இயல்பு.

இன்னொன்று. காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே அளவு ஏறக்குறைய 100 அடி வரை ஏறினால் பதற வேண்டாம். நம் அட்சரேகையில் காற்றழுத்தம் நாள்தோறும் பத்து மணியளவில் உச்சத்துக்குப் போய், நான்கு மணியளவில் இறங்கும். காலையில் குமிழைத் திருகிச் சரிசெய்துவிட்டு மாலையில் “மறுபடி ஓடிவிட்டது” என்று கருவியைக் குறைசொல்வது இதனால்தான்.

எஞ்சின் நிற்கிறது, மேனிஃபோல்டு அழுத்தம் 23 அங்குலம் காட்டுகிறது

சரியாகத்தான் காட்டுகிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் அந்த மீட்டர், எஞ்சின் நின்றிருக்கும்போது வெளிக்காற்றைத்தான் அளக்கும். கோவையில் இதே மீட்டர் 28.5ஐ ஒட்டி நிற்கும். ஊட்டியில் 29 காட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

வேகம் காட்டும் ஏர்ஸ்பீடு ஊசி அசையவில்லை, அல்லது குறைவாகக் காட்டுகிறது

முதலில் பிட்டோ வாய், அதாவது எதிர்க்காற்றை வாங்கும் குழாயின் முன்முனை. ஷெட்டில் பத்து நாள் திறந்து கிடந்தால் குளவி மண் வைத்துவிடும். வாயை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். அடியிலுள்ள சிறு வடிகால் துளையையும் பாருங்கள். கம்பியால் குத்தி உள்ளே தள்ளுவது தவறு. பின்னாலிருக்கும் டியூபைக் கருவியிலிருந்து கழற்றி, அந்தப் பக்கமிருந்து ஊதி வெளியே தள்ள வேண்டும். கருவி இணைந்திருக்கும்போது எந்தப் பக்கமிருந்தும் ஊதக் கூடாது.

அடுத்தது இடம் மாறிய டியூப். கருவியின் பின்புறம் பி என்றும் எஸ் என்றும் எழுத்து பொறித்திருக்கும். பி பிட்டோவுக்கு; எஸ், உடற்பகுதியின் பக்கத் துளைகள் வழியாக வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தரும் ஸ்டாட்டிக்குக்கு. பேனலுக்குக் கீழே தலைகீழாகப் படுத்துக்கொண்டு மாட்டும்போது இரண்டையும் மாற்றிச் செருகுவது சகஜம். அப்படி மாற்றினால் ஓடும்போது ஊசி பூச்சியத்துக்குக் கீழே அமுங்கி நிற்கும். பிட்டோ டியூபுக்குச் சிவப்பு, ஸ்டாட்டிக் டியூபுக்கு நீலம் என்று இரண்டு முனையிலும் நிறம் சுற்றிவிட்டால் இந்தப் பிழை திரும்ப வராது.

இரண்டும் சரியென்றால் அளந்து பார்க்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு பிளைவுட் பலகையில் அந்த பிளாஸ்டிக் டியூபை யு வடிவத்தில் அடித்து, நடுவே அரை மீட்டர் ஸ்கேல் ஒட்டி, இரண்டு சொட்டு மை கலந்த தண்ணீரைப் பாதி வரை ஊற்றுங்கள். டி ஜாயின்டின் ஒரு கை யு டியூபுக்கு, ஒரு கை பிட்டோ வாய்க்கு, ஒரு கை சிரிஞ்சுக்கு. பிட்டோவின் வடிகால் துளையை டேப்பால் மூடுங்கள். சிரிஞ்சை மெல்ல, மிக மெல்ல அழுத்துங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையிலான வித்தியாசம் 41 மி.மீ. ஆனால் மீட்டர் 50 நாட் (விமான வேகத்தின் அலகு) காட்ட வேண்டும். 106 மி.மீ. என்றால் 80, 166 என்றால் 100, 240 என்றால் 120.

பார்த்தீர்களா, வேகம் இரட்டிப்பானால் தண்ணீர் நான்கு மடங்கு ஏறுகிறது. அதனால் 40, 50 நாட்டில் தண்ணீரில் 5 மி.மீ. தவறாகப் படித்தாலே ஊசியில் மூன்று நாட் போய்விடும். தரையிறங்கும் வேகம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஸ்கேலைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். இந்த எண்கள் ஊட்டியிலும் கோவையிலும் ஒன்றுதான். ஏர்ஸ்பீடு மீட்டருக்கு அழுத்த வித்தியாசம் மட்டுமே தெரியும்.

100 நாட்டில் வைத்து சிரிஞ்சுப் பக்கத்தைக் கிளிப் போட்டு நெரியுங்கள். ஊசி ஒரு நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் கசிவு. டியூபை அழுத்திச் செருகும் புஷ் ஃபிட்டிங்கில் கசிவு வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு டியூபின் வெட்டு முனைதான் காரணம். கட்டிங் பிளேயரால் நறுக்கினால் முனை நசுங்கி முட்டை வடிவமாகும். புது பிளேடால் நேர்க்கோணத்தில் வெட்டி, மேலே கீறல் உள்ள ஒரு அங்குலத்தையும் நறுக்கிப் போட்டுவிட்டு மறுபடி செருகுங்கள். மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றும்போது முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிய்ந்த ஒரு நூலிழை உள்ளே போனால் ஸ்டாட்டிக் வழியை அடைத்துவிடும்; வானத்தில்தான் தெரியும்.

ஏற ஏற வேகம் குறைகிறது, ஆல்டிமீட்டர் உறைந்து நிற்கிறது

இது ஸ்டாட்டிக் அடைப்பின் முகம். பெயின்ட் அடிக்கும்போது ஒட்டிய டேப், மெழுகுப் பாலிஷ், மடங்கிப் போன டியூப் என்று வரிசையாகப் பாருங்கள். பேனலை மூடும்போது கருவியின் பின்னால் டியூப் ஒடிவது அதிகம். நேர் இணைப்புக்குப் பதில் எல்போ போட்டால் தீரும்.

எல்லா உயரத்திலும் வேகமும் உயரமும் சேர்ந்தே சற்று அதிகமாகக் காட்டினால், ஸ்டாட்டிக் டியூப் எங்கோ கழன்று காக்பிட் காற்றைப் படிக்கிறது என்று எண்ணலாம். பறக்கும்போது காக்பிட்டுக்குள் அழுத்தம் பொதுவாக வெளியைவிடக் குறைவு.

கசிவுச் சோதனையை இப்படிச் செய்யுங்கள். அவசரப்பட்டால் கருவி போய்விடும் என்பதால் வரிசை முக்கியம். முதலில் பிட்டோ வாயையும் ஒரு ஸ்டாட்டிக் துளையையும் டி ஜாயின்ட் வழியாக ஒன்றாக இணையுங்கள். மறுபக்கத் துளையையும் பிட்டோ வடிகாலையும் நிற டேப்பால் மூடுங்கள். பிறகு சிரிஞ்சை முழுதும் உள்ளே தள்ளிய நிலையில் மூன்றாவது கையில் மாட்டி, மெல்ல இழுங்கள். ஏற்ற இறக்க வேகம் காட்டும் விஎஸ்ஐ ஊசி நிமிடத்துக்கு 1,000 அடியைத் தாண்டாத வேகத்தில் இழுத்தால் போதும். ஆல்டிமீட்டர் ஆரம்ப அளவைவிட 1,000 அடி ஏறியதும் கிளிப் போடுங்கள். ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. முடிந்ததும் சட்டென்று கழற்றாமல், ஏற்றிய அதே நிதானத்தில் இறக்குங்கள். கடைசியாக டேப்புகளை எண்ணி எடுங்கள்.

பிட்டோவையும் ஸ்டாட்டிக்கையும் ஏன் இணைக்கச் சொல்கிறோம்? நம் உயரத்தில் 1,000 அடி என்பது கிட்டத்தட்ட 29 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். பிட்டோ திறந்திருந்தால் அத்தனையும் ஏர்ஸ்பீடு மீட்டரின் தகட்டில் விழும். ஊசி 130 நாட்டுக்குப் பாயும். 120 வரை மட்டுமே அளவுள்ள மீட்டர் அன்றோடு முடிந்தது. வாயால் உறிஞ்சவே கூடாது. எவ்வளவு இழுக்கிறோம் என்று கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது.

கசிவு இருக்கிறது என்று தெரிந்ததும் சோப்புத் தண்ணீர் தடவும் பழக்கம் உண்டு. ஸ்டாட்டிக்கில் நாம் உறிஞ்சுகிறோம். சோப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். அதற்குப் பதில் டியூபைப் பாதியில் நெரித்து, எந்தப் பாதி தாங்குகிறது என்று பாருங்கள். தாங்காத பாதியை மறுபடி பாதியாக்குங்கள். மூன்று, நான்கு முறையில் இடம் அகப்படும்.

ஆயில் அழுத்தம் கூடுதல், ஆயில் வெப்பம் குறைவு, இரண்டும் ஒரே நேரத்தில்

இந்த ஜோடி அறிகுறியைப் பார்த்ததும் எஞ்சினைத் தொடாதீர்கள், எர்த்தைத் தொடுங்கள். விடிஓ நிறுவன வகை அழுத்த சென்சாரின் தடை, அழுத்தம் ஏற ஏற 10 ஓமிலிருந்து 180 ஓம் வரை ஏறும். வெப்ப சென்சாரின் தடையோ சூடு ஏற ஏற இறங்கும். எஞ்சின் எர்த்தில் துரு பிடித்து நான்கைந்து ஓம் சேர்ந்தால், ஒன்று ஏறி மற்றது இறங்கித்தான் ஆக வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போதே அழுத்த ஊசி பூச்சியத்துக்கு மேல் நின்றால் சந்தேகமே இல்லை. புதிய ரோடாக்ஸ் எஞ்சின்களில் அழுத்தத்துக்கு 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை தரும் சென்சார் வருகிறது. அதற்கு இந்தத் தடைக் கணக்கு பொருந்தாது. அங்கே மின்னணுக் கருவித் திரையின் அமைப்பில் சென்சார் வகை தவறாகத் தேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லைட் போட்டதும் ஊசி நகர்கிறது என்றாலும் இதே குடும்பம்தான். எல்லா ஸ்விட்சையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவிலும் மறு முள்ளை மீட்டரின் எர்த் முனையிலும் வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். லேண்டிங் லைட் 8 ஆம்பியர் இழுக்கிறது, லைட்டுக்கும் மீட்டருக்கும் பொதுவான எர்த் வழியில் 0.03 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். 240 மில்லிவோல்ட் அங்கேயே தொலைகிறது. விரல் தொட்டு உணர முடியாத அளவு துரு அது.

புதுப் பேனலில் இதற்குப் பெரிய காரணம் அழகான பவுடர் கோட்டிங். வளைய டெர்மினலுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் மின்சாரம் திருகின் மரை வழியாக மட்டுமே போகும். டெர்மினல் உட்காரும் வட்டத்தை உலோகம் தெரியச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள். ரப்பர் குஷனில் தொங்கும் பேனலென்றால் பின்னிய செம்புப் பட்டை ஒன்று உடற்பகுதிக்குப் போக வேண்டும். இருந்தாலும் எங்கள் கருத்து ஒன்றுதான்: பேனல் தகட்டை எர்த் பாதையாக நம்பாதீர்கள். எஞ்சினையும் காக்பிட்டையும் பிரிக்கும் தகடான ஃபயர்வாலில் ஒரே பித்தளை போல்ட்டில் எர்த் கட்டை வைத்து, ஒவ்வொரு கருவிக்கும் தனி வயர் கொண்டுபோங்கள். இருபது அடி வயர் கூடுதலாகும். இரண்டு வாரத் தேடல் மிச்சமாகும்.

கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சோதித்தால் வெப்பம் அளக்கும் புரோப் 93 டிகிரிதான் காட்டுகிறது

ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. குன்னூரில் 94, மேட்டுப்பாளையத்தில் 99. பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் இங்கே நேரமாவதற்கும் இதுவே காரணம். 100 காட்டும்படி திரையில் திருத்தம் போட்டுவிட்டால் பறக்கும்போது ஆயில் வெப்பம் ஏழு டிகிரி கூடுதலாகத் தெரியும். புரோபின் உலோகம் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

சிலிண்டர் தலைக்குப் பெரும்பாலும் ஜே வகை, புகைக்குழாய்க்கு கே வகை தெர்மோகப்பிள் (இரு உலோக வயரால் ஆன வெப்ப சென்சார்) வரும். அமெரிக்க நிற வழக்கில் ஜே வகைக்கு வெள்ளையும் சிவப்பும், கே வகைக்கு மஞ்சளும் சிவப்பும். இரண்டிலும் சிவப்பு நெகட்டிவ். நாம் பேட்டரியில் பழகிய கைக்கு இது நேர் எதிர் என்பதால், மாற்றி மாட்டுவது வாடிக்கை. முழுதாக மாறினால் எஞ்சின் சூடேற ஏற அளவு கீழே போகும், உடனே தெரிந்துவிடும். பேனலுக்கு நீட்டிய வயரில் மட்டும் சாதாரணச் செம்பு வயரைச் சேர்த்துவிட்டால்தான் கஷ்டம். காலையில் ஒரு அளவு, வெயில் ஏறி ஷெட் சூடானதும் இன்னொரு அளவு என்று அலைக்கழிக்கும். நீட்டிப்பும் அதே உலோகக் கலவையில் இருக்க வேண்டும். மின்னிணைப்பு இல்லாத பழைய ஊசி மீட்டரென்றால் வயர் நீளமாக இருக்கிறதென்று வெட்டவும் கூடாது. அந்த நீளத்தின் தடையைச் சேர்த்துத்தான் முகப்பு அளவு போட்டிருக்கிறார்கள்.

திசைகாட்டி சாய்ந்து நிற்கிறது, அல்லது ஸ்விட்ச் போட்டதும் திரும்புகிறது

சாய்வுக்குப் பேனல் காரணமல்ல. ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ செய்த திசைகாட்டியில், அங்கே வடமுனை கீழே இழுபடுவதைச் சமன்செய்ய எதிர்ப்பக்கம் சிறு எடை வைத்திருப்பார்கள். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே ஓடுவதால் நீலகிரியிலும் பழனி மலையிலும் அந்த இழுப்பு மிகக் குறைவு. எடை மட்டும் மிஞ்சி, வடபக்கம் தூக்கிக்கொள்ளும். நம் பகுதிக்குச் சமன்செய்த கருவியைக் கேட்டு வாங்குவதே வழி.

ஸ்விட்சுக்குத் திரும்பினால் அருகே ஓடும் வயர்தான் காரணம். ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டு எதற்கு எத்தனை டிகிரி நகர்கிறது என்று எழுதுங்கள். குற்றவாளி வயரின் போக்கையும் வரத்தையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் இரண்டின் காந்தமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். திசைகாட்டியைச் சுற்றிப் பித்தளைத் திருகு மட்டும் போடுங்கள். “ஸ்டெயின்லெஸ்தானே” என்று நம்ப வேண்டாம். 304 வகைகூட மரை போடும்போது சற்றுக் காந்தமேறும். திருத்தம் செய்வதைத் தகர ஷெட்டுக்குள்ளோ கம்பி போட்ட கான்கிரீட் மேலோ செய்யாதீர்கள். திறந்தவெளிப் புல்தரையில் 30 டிகிரிக்கு ஒருமுறை திருப்பி நிறுத்திப் பாருங்கள். எந்தத் திசையிலும் பிழை 10 டிகிரியைத் தாண்டக் கூடாது. திரைக் கருவியின் காந்த சென்சாருக்கும் இதே இடம், இதே கவனம்.

ஹெட்செட்டில் எஞ்சினோடு சேர்ந்து ஊளைச் சத்தம்

சத்தத்தின் சுருதி எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டரின் அலை எர்த் வழியாக வருகிறது. ஹெட்செட் ஜாக்கின் உலோகக் கழுத்து பேனலைத் தொடவே கூடாது. தோள் உள்ள நைலான் வாஷர் முன்னால் ஒன்று, தட்டை வாஷர் பின்னால் ஒன்று வேண்டும். பழைய பேனலில் இருந்த வாஷரை மாற்றும்போது தொலைத்துவிட்டு ஜாக்கை நேரே இறுக்குவதுதான் பொதுவான பிழை. ஜாக்கின் வயர்களைக் கழற்றி, கழுத்துக்கும் பேனலுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது.

ரேடியோவில் பேசப் பொத்தானை அழுத்தும்போது மட்டும் மற்ற ஊசிகள் துள்ளினால் ஆன்டெனா பக்கம் போங்கள். மரத்திலோ ஃபைபரிலோ கட்டிய விமானத்தில் ஆன்டெனாவுக்கு அடியில் உலோகத் தளம் இல்லை; 56 செ.மீ. நீளத்தில் நான்கு செம்புப் பட்டைகளைச் சிலுவையாக விரித்து ஆன்டெனாவின் அடியில் இணைக்க வேண்டும். பட்டைகள் இருந்தும் துள்ளினால் ஆன்டெனா கேபிளான கோஆக்ஸின் முனையை நெரித்துப் பிடிக்கும் கிரிம்பைத் திறந்து பாருங்கள்.

ஸ்டார்ட்டர் போட்டதும் திரை அணைந்து மறுபடி வருகிறது

ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி வோல்ட் எவ்வளவுக்கு விழுகிறது என்று அளந்து பாருங்கள். பல திரைகள் 10 வோல்ட்டுக்குக் கீழே தடுமாறும். உறைபனி விழும் ஊட்டிக் காலையில் பேட்டரி சோர்ந்திருக்கும், ஆயிலும் கெட்டியாக இருக்கும். இரண்டும் சேர்ந்து வோல்ட்டை இழுத்துவிடும். ஸ்டார்ட் ஆன பிறகு திரையைப் போடுவது ஒரு வழிதான். ஆனால் முதல் பத்து விநாடியில் ஆயில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் திரை இருட்டாக இருக்கும். திரைக்கென்று ஒரு சிறு துணை பேட்டரி வைப்பதே சரி.

காலையில் மட்டும் கோளாறு, மத்தியானம் சரியாகிவிடுகிறது

ஈரம். பேனலைப் பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கிப் போர்த்தினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போக வழியின்றி இரவில் கனெக்டரில் நீராகப் படியும். பருத்தித் துணி போர்த்தி, அடியில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று, துணியிலும் வயரிலும் படாத தூரத்தில் எரிய விடுங்கள். எல்இடி பல்பு சூடு தராது. கனெக்டர்களைக் கழற்றி, பச்சை பூத்த முனைகளை மாற்றிவிடுங்கள். சுரண்டி மாட்டினால் அடுத்த மழைக்கு மறுபடி வரும். எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

வாலைத் தூக்கும்போதோ ஒரு பக்கம் சாய்க்கும்போதோ விஎஸ்ஐ குதித்தால் ஸ்டாட்டிக் டியூபில் தண்ணீர் நிற்கிறது. எல்லாக் கருவியையும் கழற்றிவிட்டு, கருவிப் பக்கமிருந்து துளைப் பக்கம் நோக்கி ஊதுங்கள். பிறகு டியூப் எங்கேயும் தொட்டில்போல் தொங்காதபடி கட்டி, மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் டி வையுங்கள்.

லாரியில் இறக்கிய பிறகு ஏர்ஸ்பீடு பூச்சியத்துக்குத் திரும்பவில்லை

மலையில் கட்டுகிறவருக்கென்றே உள்ள ஆபத்து இது. கையேட்டில் தேடினாலும் கிடைக்காது. தூசியும் பூச்சியும் போகக் கூடாதென்று ஸ்டாட்டிக் துளைகளை நல்ல டேப்பால் இறுக்கி ஒட்டிவிட்டு லாரியில் ஏற்றுகிறார்கள். துளை மூடியபோது உள்ளே இருந்தது ஊட்டிக் காற்று. மேட்டுப்பாளையம் வரும்போது வெளியழுத்தம் 190 ஹெக்டோபாஸ்கல் வரை கூடிவிடும். பிட்டோ வாயில் துணி உறை மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் சமவெளிக் காற்று, மறுபக்கம் அடைபட்ட மலைக் காற்று. ஏர்ஸ்பீடு மீட்டரின் மெல்லிய தகடு 300 நாட்டுக்கும் மேற்பட்ட வேகத்துக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். நீங்கள் கசிவில்லாமல் கட்டிய அளவுக்குச் சேதமும் கூடும்.

இறக்குமுன் எல்லா டேப்பையும் எடுத்துவிடுங்கள். துளைகளின் மேல் ஒற்றை மடிப்புப் பருத்தித் துணியைத் தளர்வாக ஒட்டினால் தூசி நிற்கும், காற்று போய்வரும். பிட்டோவுக்கும் துணி உறையே போதும். கீழே இறங்கியதும் இறக்கை மாட்டுவதற்கு முன்பே யு டியூப் சோதனையையும் ஸ்டாட்டிக் கசிவுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் தளர்ந்த புஷ் ஃபிட்டிங் அப்போது அகப்படும். பேனலின் எடை மாறியிருப்பதால் விமானத்தை மறுபடி எடைபோட்டு ஈர்ப்பு மையத்தைக் கணக்கிட்டு, மாற்றத்தைப் பதிவேட்டில் எழுதி, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கேட்கும் அனுமதியைப் பெற்ற பிறகுதான் எஞ்சினைப் பறப்பதற்காக முறுக்க வேண்டும்.